இரண்டு நாற்காலிக் கடைக்கு ஒரு பெர்மிட்

நேற்று என் மகன் இப்போது நடத்தும் முடிவெட்டும் கடையில் வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். பெர்மிட் ரத்து, விமான டிக்கெட், வெளியேறும் தாள் எல்லாம் கணினியிலேயே முடிந்துவிட்டன. "கையெழுத்து மட்டும் போட்டுடுங்கப்பா" என்று மகன் ஒரு கடிதத்தை நீட்டினான். கடை முத்திரைக்கான ஊதா மைப்பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது. அந்த மையின் வாசம் மூக்கில் ஏறியதும், நண்பா, நீ வந்து எதிரில் நின்றுவிட்டாய்.

மலாக்காவில், காஜா பேராங் சாலையில் நம் முதலாளியின் முடிவெட்டும் கடை. இரண்டே நாற்காலி. சன்னல் பக்கம் நீ, சுவர்ப் பக்கம் நான். ஒரே வயது, ஒரே கப்பலில் வந்தவர்கள், ஆனாலும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை. நான் ராகுகாலம் முடிந்துதான் கத்தியைத் தொடுவேன். நீ வேண்டுமென்றே ராகுகாலத்தில் ஒருவருக்குச் சவரம் முடித்துவிட்டு, "என்னடா, ரத்தம் வந்துச்சா?" என்று கண்ணடிப்பாய்.

நான் இங்கேயே பிறந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு தெங்கேராவில் குடியேறிவிட்டேன். நீ ஒரு தகரப் பெட்டியோடு கடையின் பின்னறையில் இருந்தாய். குடியுரிமை வாங்க மலாய் பேசிக் காட்ட வேண்டும் என்பதால், நாற்காலியில் உட்கார்ந்த மலாய்க்காரர்களிடமெல்லாம் பேசிப் பழகினாய். கழுத்தில் கத்தி இருந்ததால் அவர்களும் உன் தப்பைத் திருத்தத் துணியவில்லை.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், கிடைத்துச் சில வருஷம் நம்மை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதல் தடவை இருவருக்கும் கிடைத்தது. புதுப்பிக்கும் நேரத்தில், இனிமேல் இந்தக் கடைக்கு ஒரு பெர்மிட்தான் என்று கடிதம் வந்தது. முதலாளி அதை நம் முன்னால் வைத்து, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கப்பா, என் வாயால சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார்.

நாம் பேசவில்லை. இரண்டு வாரம் பக்கத்துப் பக்கத்தில் நின்று முடிவெட்டினோம். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். பெர்மிட் போனால் அவளை இந்த நிலையில் விட்டுவிட்டு நான் கப்பலேற வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ போய்விட மாட்டாயா என்று தினமும் ஏங்கினேன். உன்னிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலை வந்து பார்த்தால் பின்னறையில் பெட்டியைக் காணோம். நீ கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தாய்.

"பெட்டி எங்கடா?"

"கம்போங் செட்டியில, மக்சிக் வீட்டுல. நல்ல நேரம் பாத்துப் பரஸ்தானம் வச்சிட்டேன்."

மக்சிக் என்றால் மலாயில் அத்தை; கம்போங் செட்டியில் இருந்த ஓர் அம்மாளை நாம் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயணத்தன்று நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் பெட்டியை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. அதன்பின் பெட்டி வீடு திரும்பக் கூடாது. போய் எடுத்து வா என்று கத்தினேன்.

"வாசல் தாண்டின பெட்டிடா. திரும்ப உள்ள வந்தா எனக்கு ஆகுமா? நீயே சொல்லு."

நல்ல நேரத்தை ஒரு நாளும் நம்பாத நீ, என் நம்பிக்கையை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாய்.

அந்த வெள்ளிக்கிழமையோடு என் பெர்மிட் முடிகிறது. உன்னுடையதை ஒப்படைத்து ரத்து செய்தால்தான் என்னுடையதைப் புதுப்பிப்பார்கள். அன்று இருவரும் பெர்மிட் அலுவலகத்துக்குப் போனோம். முதலாளி கொடுத்த விலகல் கடிதம், வரி அலுவலகத்துத் தாள், கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். "பெர்மிட் எங்கே?" என்றார் அதிகாரி. உன் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. பெர்மிட் பெட்டிக்குள் இருந்தது.

ஒரே சைக்கிளில் கம்போங் செட்டிக்குப் பறந்தோம். மக்சிக் பெட்டியைச் சாமி அறையில் வைத்து, மேலே பூவும் போட்டிருந்தார். தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்கா செட்டிக் குடும்பத்தில் பிறந்து, தமிழ் பேச வராத அவருக்கு அந்த வழக்கம் மட்டும் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. நடுவில் திறந்தால் பயணம் கெட்டுப்போகும், "தாக் போலே", முடியவே முடியாது என்று அறை வாசலில் நின்றுகொண்டார். நீ என்னைக் காட்டி மலாயில் ஏதோ மெதுவாகச் சொன்னாய். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வழியை விட்டார். நீ பெர்மிட்டை எடுத்ததும், வேறு பூ கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தார்.

அலுவலகம் மூடக் கொஞ்ச நேரமே இருந்தது. அதிகாரி வேலையை விடும் காரணம் கேட்டார். நீ எங்கும் தடுமாறாமல் மலாயில் பதில் சொன்னாய். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, ஏன் குடியுரிமைக்கு மனு போடவில்லை?"

"இவன் பிள்ளை இங்கே பிறக்கப் போகிறது. எனக்கு இங்கே யாரும் இல்லை."

பச்சைப் பொய். மலாக்காவில் பாதிப் பேர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் நம் கடையைக் கடந்து போவார்கள். இங்கேயே இருப்பதற்காகக் கற்ற பாஷையை, போவதற்கு அனுமதி கேட்கச் செலவழித்துவிட்டாய். உயரத்தில் நீ என் தோளுக்குத்தான் வருவாய். அன்று உன்னை அண்ணாந்து பார்த்தேன், நண்பா. ஒரு மனிதனுக்குள் இவ்வளவு இடம் இருக்குமா என்று மலைத்துப்போய் நின்றேன். அதிகாரி முதலில் உன் தாளிலும் பிறகு என் தாளிலும் ஊதா மையில் முத்திரை குத்தினார்.

சில வருஷம் கழித்து நானும் குடியுரிமைக்கு நேர்முகம் போனேன். இந்த நாட்டில் ஏன் இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்த பதில் மறந்துபோயிற்று. "இது ஒருவன் எனக்கு விட்டுக்கொடுத்த இடம். நான் அதைக் காலியாகப் போடக் கூடாது" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். தேறிவிட்டேன்.

முதலாளிக்குப் பின் கடை என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அதை நான் ஒரு நாளும் பூட்டிப் போட்டதில்லை. நீ இறந்துவிட்டாய் என்று உன் ஊரிலிருந்து கடிதம் வந்த அன்றும் திறந்தேன். கத்தியை மட்டும் எடுக்கவில்லை. வந்தவர்களை உட்கார வைத்து, சாயங்காலம் வரை உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.