பிம்பம் விழாத டிவி

ஜூன் 9, திங்கள்

காலையில் சாரல். பத்து மணிக்கு மெக்கானிக். டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேக்லைட் போய்விட்டது என்றார். சத்தம் வரும், படம் வராது. பழுது பார்த்தாலும் நிலைக்காது, புதிதாக வாங்குவதே நல்லது என்றார்.

எப்போது போனது என்று தெரியாது. எங்களோடு இருந்த அக்கா இறந்தபின் பதினாறு நாள் வழக்கப்படி டிவி போடவில்லை. பதினேழாம் நாள் என் மனைவி தங்கம் போட்டாள். இருட்டுத் திரை, பேச்சு மட்டும். ஒரு மாதமாக அவள் மூன்று மணி சீரியலை அப்படித்தான் கேட்கிறாள். கேட்பதற்கு மட்டும் என்றால் சமையலறையில் இருந்தே கேட்கலாம். திரைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் கேட்கிறாள்.

செய்ய வேண்டியவை:
1. கோட்டாறு கடையில் விசாரிக்க.
2. ஹாலை அளந்து வரைபடம்.
3. கண் ஆஸ்பத்திரியில் நாள் கேட்க. இடது கண்ணில் புரை.
4. தங்கத்திடம் பேச. எப்படி?

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. குடை எடுத்தது வீண்.

பஸ்ஸில் கோட்டாறு. கடைக்காரர் ஷாகுல் பழகியவர். நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்த காலத்தில் அவர் வீட்டுப் பட்டா விஷயமாக வந்து போனவர். டீ வாங்கித் தந்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

இரண்டு டிவிகள். இரண்டும் 43 இன்ச்.
அ – விலை குறைவு. படம் சுமார். திரை கண்ணாடிபோல் பளபளப்பு.
ஆ – நடுத்தர விலை. படம் தெளிவு. திரையில் ஏதோ பூச்சு. எதிரே இருப்பது அதில் தெரியாது.

"இந்த வெல கொறஞ்சது இருக்கே சாரே, அணைச்சுப் போட்டா மொகம் பாத்து சவரம் பண்ணலாம். மத்ததுல ஒண்ணும் தெரியாது. பேய் வந்து நிண்ணாலும் தெரியாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

"வீட்டுல எத்தன பேரு பாப்பியோ?"

மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன். திருத்தவில்லை.

ஜூன் 11, புதன்

ஹால் அளவு: நீளம் பதினாறடி நாலங்குலம், அகலம் பதினொன்றரை. டிவியிலிருந்து சோபாவுக்கு ஒன்பதடி. தாளில் அளவுப்படி வரைந்தேன். கோடு நேராகவே வந்தது.

மூன்று மணிக்குத் தங்கம் வந்து உட்கார்ந்தாள். சீரியல் பேச்சு ஆரம்பித்தது. மழை வெறித்து மேற்கு ஜன்னலில் வெயில். கறுத்த திரையில் ஹால் முழுக்கத் தெரிந்தது. ஜன்னல் கம்பி, காலண்டர், சோபாவில் தங்கம், அளவு நாடாவுடன் நான்.

எங்கள் இருவருக்கும் இடையில் அக்கா.

இதை எழுதலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். எழுதியாகிவிட்டது.

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். இருந்தாள். வலது கண்ணை மூடினேன். மங்கலாக இருந்தாள். திரும்பி நேரே பார்த்தால் வெறும் தரை. வரைபடத்தில் திரையிலிருந்து கோடு இழுத்துப் பார்த்தேன், படும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்ற கணக்கில். கோடு போய்ச் சேர்ந்த இடம், அவளுடைய பிரம்பு நாற்காலி கிடந்த இடம். நாற்காலியைச் சாவு கழிந்த வாரமே மாடிக்கு ஏற்றிவிட்டோம். இரண்டாம் முறை வரைந்தேன். அதே இடம்.

"தெரியுதா?" என்றாள் தங்கம், திரையைப் பார்த்தபடி.

எது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீங்க அளந்து முடியுங்கோ."

ஜூன் 12, வியாழன்

நாள் முழுக்க மழை. வாழையிலைகள் கிழிந்து கிடக்கின்றன. கண் ஆஸ்பத்திரிக்கு போன், எடுக்கவில்லை.

எங்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பீரோவில் பூட்டித்தான் வைப்பேன்.

எல்லோரிடமும் நான் சொன்னது: சீரியல் முடிந்தது, அக்கா அசதியில் கண்ணயர்ந்தாள், அப்படியே போய்விட்டாள். புண்ணியம் செய்தவள் என்றார்கள். தங்கமும் அதைத்தான் நம்புகிறாள். அன்று அவள் வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது: சீரியல் முடியவில்லை. பாதிதான் ஆகியிருந்தது. அக்கா கண்மூடிச் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள், நாம் செய்தி பார்க்கலாம் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த ரிமோட்டை எடுத்தேன். சித்திரை வெக்கையிலும் கை சில்லென்று இருந்தது. மின்விசிறிக்கு நேரே இருக்கிறாள், அதனால் என்று நினைத்துக்கொண்டேன். விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சத்தத்தைக் குறைத்து, எழுப்பிவிடக் கூடாதே என்று அசையாமல், ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் செய்தி பார்த்தேன். தங்கம் டீ கொண்டுவந்து "மைனி, ஆறிப் போவும், எந்திரிங்கோ" என்று தோளைத் தொட்டபோதுதான்.

கை சில்லென்று இருந்தது. அப்படியானால் முன்பே போய்விட்டாள்.
விரல் பிடித்திருந்தது. அப்படியானால்?

அப்போது உயிர் இருந்ததா இல்லையா. இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். தெரியவும் கூடாது. யாரிடம் கேட்பது? டாக்டரிடம் கேட்டால் எதற்குக் கேட்கிறேன் என்பார்.

திரையில் அக்காவின் வலது கை மடியில் விரிந்தபடி இருக்கிறது. எதையோ கேட்பதுபோல.

முடிவு: ஆ, பூச்சுத் திரை.

ஜூன் 14, சனி

வெயில். தங்கமும் கடைக்கு வருகிறேன் என்றாள். இருபது வருடத்தில் எந்தச் சாமான் வாங்கவும் வந்ததில்லை. பஸ்ஸில் இருவர் உட்காரும் இருக்கையில் ஓரமாக ஒண்டி உட்கார்ந்து, என்னை நிற்க வைத்தாள். கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் இல்லை.

கடையில் இரண்டையும் அணைக்கச் சொன்னாள். ஷாகுல் என்னைப் பார்த்தார். "எல்லாரும் போட்டுக் காட்டச் சொல்லுவாவ. அணைச்சுக் காட்டச் சொன்னது நீங்கதான் தாயே."

பளபளப்பான திரைக்கு முன்னால் நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு கொஞ்சம் விலகி, இடப்பக்கம் இடம் விட்டு நின்றாள்.

"இது போதும்" என்றாள்.

கண்ணுக்கு மற்றது நல்லது, எனக்குப் புரை வேறு இருக்கிறது என்றேன்.

"இதுல ஆளு தெரியுது. அதுல தெரியல்ல."

ஷாகுல் மேஜையில் தட்டிச் சிரித்தார். "முப்பது வருசமா கட நடத்துதேன், இந்தக் கச்சவடத்துல இது மொத தடவ சாரே. வீட்டம்மா கொறஞ்சதக் கேக்காவ, சார் கூடினதக் கேக்குதாரு! எங்க வீட்டுல சொன்னா நம்ப மாட்டா."

கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். அவள் சொன்னதை மீறி நான் எதையும் வாங்கியதில்லை. இன்று மீறினேன். பழைய டிவியையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

வடசேரியில் இறங்கும்போது தங்கம்: "நீங்க நெனச்சா ஒரு ஆள வெளிய நிறுத்திர முடியுமா?"

ஜூன் 16, திங்கள்

மதியம் கொண்டுவந்து மாட்டினார்கள். சுவரில் நாலு துளை, ஹால் முழுக்கச் சிமென்ட் பொடி. பழையதைக் கோணிச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

நாலு மணி வெயிலில் அணைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். ஜன்னல் இல்லை, காலண்டர் இல்லை, நான் இல்லை. எழுந்து நின்றேன், கையை ஆட்டினேன். ஒன்றும் இல்லை.

இரவு நல்ல தூக்கம். ஒரு மாதத்தில் முதல் முறை.

ஜூன் 17, செவ்வாய்

சாரல், காற்று. ஆஸ்பத்திரியில் இருபத்து நாலாம் தேதி வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில்.

மூன்று மணிக்குச் சீரியல். படம் மிகத் தெளிவு. நடிகைகளின் முகப்பவுடர்கூடத் தெரிகிறது. தங்கம் சோபாவின் வலது ஓரத்தில். நான் இடது ஓரத்தில். விளம்பரம் வந்தது. இன்றைக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து, செய்தி வைக்கட்டுமா என்றேன்.

"முடியல்ல."

சரி என்றேன்.

"அண்ணைக்கும் முடியல்லியாம்." திரையைப் பார்த்தபடிதான் சொன்னாள். கோபம் இல்லை. காய்கறி விலை சொல்லும் குரல். "கண்ணு தொறக்கத்தான் முடியல்லியாம். காது கேட்டுட்டுதான் கெடந்துதாம். செய்தியில மழ வரும்னு சொன்னானாமே. அதுவரைக்கும் கேட்டுதாம்."

அன்று வானிலைச் செய்தி கடைசியில் வந்தது. தங்கம் டீ கொண்டுவருவதற்குச் சற்று முன்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லுவா?" என்றாள். "மொதல்ல கண்ணாடிக்குள்ள தூரமா இருந்தாவ. வாயசைவு மட்டும் தெரியும், என்ன சொல்லுதாவண்ணு வெளங்காது. நேத்தையிலருந்து பக்கத்துலயே இருக்காவ. நல்லாக் கேக்குது."

நான் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால் அவள் தப்பாக நினைப்பாள். எவள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இப்போது மணி நாலு. கிணற்றடியில் தங்கம் பாத்திரம் தேய்க்கிறாள், சத்தம் வருகிறது. ஹாலில் டிவி ஓடுகிறது. சற்றுமுன் யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். செய்திக்கு நேரம். நான் போகவில்லை.