மல்லித் தண்ணியும் இரண்டு குளிசையும்

ஹேர்னிங்
14 செப்டம்பர்

அன்பு மகன் ஜெரோசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்க மடு மாதாவை மன்றாடுகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஃபோனில் சொன்னால் பாதியில் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். இப்போது இங்கே தபால்பெட்டிகளையும் கழற்றிவிட்டார்கள். உன் சிநேகிதன் றொஜிதன் நாளைக்கு அந்தப் பக்கம் காரில் வருகிறானாம், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். எட்டு வருஷம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினேன், ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி.

என் வேலை அப்படியேதான். முதியோர் இல்லத்தில் ஆள் காணாது. இந்தக் கிழமையும் இரண்டு நாள் கூடுதலாக நின்றேன். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றக் குனிய ஏலவில்லை.

உன் மனைவி ஷூமெய் இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். ஊக்கமருந்து எடுத்த கள்ளியோடு இருக்க மாட்டேன் என்று நீ ஹ்விடோவ்ரேக்குப் போய் மூன்று கிழமையாகிறது. மைதானத்துக்குள் அவளை விடுகிறார்கள் இல்லை. ஆனாலும் பின்னேரம் நாலு மணிக்குப் பயிற்சிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிறாள்.

பதின்மூன்று வயதில், கை பெரிது என்று சொல்லி அவளைச் சீனாவில் விளையாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அன்று தொடங்கியது இந்தச் சம்மட்டி எறிதல். கம்பியில் கட்டின நாலு கிலோ இரும்புக் குண்டு. சீனப் புதுவருஷத்துக்கு மட்டும்தான் தாயைக் கண்டாள். மாகாண அணி, பிறகு தேசிய அணி, இடுப்பு நாரியில் இரண்டு ஒப்பரேஷன். இனிச் சரிவராது என்று அனுப்பிவிட்டார்கள். நீ கலியாணம் செய்து கூட்டிவந்த பிறகு, இந்தக் காற்றுக்குள்ளும் மழைக்குள்ளும் முதலிலிருந்து தொடங்கினாள். ஜூலைப் போட்டியில் அறுபத்தெட்டு மீட்டர் எறிந்தபோது நீ துள்ளினாய். நானும்தான் துள்ளினேன்.

அந்தப் போட்டிக்கு முதல்நாள் அவளுக்குச் சரியான நாரி நோ. டொக்டர் பனடோல் போட்டு ஆறுதலாக இருக்கச் சொன்னார், வேறென்ன சொல்லப் போகிறார். பக்கத்து வீட்டு யோகம்மா ஊருக்குப் போய் வந்தபோது என் முழங்காலுக்கென்று ஒரு அட்டை குளிசை கொண்டுவந்து தந்தவ. இரவு போட்டால் விடிய நோ இருக்காது. ஷூமெய் தெரியாத குளிசையைத் தொடமாட்டாள், இருமல் மருந்துக்கே பெயர் பார்க்கிறவள். அதனால் இரண்டைத் தூளாக்கி மல்லித் தண்ணிக்குள் கலந்து கொடுத்தேன். கசக்குது மாமி என்றாள். இஞ்சி கூடிப்போச்சு என்றேன்.

ஓம் ராசா, நான்தான்.

ஊக்கமருந்துச் சோதனை முடிவில் இருந்த மருந்தின் பெயரும் என் அட்டையில் இருந்த பெயரும் ஒன்று. எனக்கு முன்னமே அவள் நான் மருந்து வைக்கிற பிஸ்கட் பேணியைத் திறந்து அட்டையைப் பார்த்துவிட்டாள். தானே வாங்கி எடுத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு, நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். தெரிந்தால் ஜெரோசன் உங்களோடு கதைக்கமாட்டான், மாமாவும் இல்லை, உங்களுக்கு அவன் ஒருவன்தானே என்றாள். நான் அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்துபோய் அவளுக்குப் பின்னால் மூன்று கிழமை ஒளிந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, நீ இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான். வேண்டுமென்று எடுத்தேன் என்று அவள் சொன்னால் நாலு வருஷத் தடையாம். அவளுக்கு இப்போதே முப்பத்திரண்டு வயது. நான் லீவு எடுத்துவிட்டேன், அந்த அட்டையோடு வருவேன். எனக்குத் தெரிந்த டெனிஷ் பாஷை, இல்லத்துக் கிழவர்களுக்குச் சாப்பாடு தீத்தத்தான் போதும். நீ பக்கத்தில் நின்று நான் சொல்வதை ஒன்றும் குறைக்காமல் டெனிஷில் சொல்லு. அம்மா என்று பார்க்காதே.

மாதா உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக வைத்திருக்கட்டும். இதை வாசித்து முடித்ததும் அவளுக்கு ஃபோன் எடு. எனக்கு எடுக்க மனம் வராவிட்டால் பரவாயில்லை, வியாழக்கிழமை வந்தால் போதும்.

உன் அம்மா
பவளராணி