புகை குடிக்கும் வால்வு

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று, மேற்கே இருந்து வறண்டு அடிக்கிறது. வாய்க்குள் மணல். காலையில் சம்மாந்துறை தாண்டி வயல் வெளியில் கார் மூச்சை விட்டுவிட்டது. நிற்கவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. மிதிக்க மிதிக்க இழுவை கிடையாது. பின்னால் கறுப்புப் புகை. முன்னால் மஞ்சள் லைட். நெல் ஏற்றிய ட்ராக்டர் ஒன்று என்னை முந்திப் போனது. ட்ராக்டர்! மூட்டை மேல் இருந்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனேன். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வந்தவர்கள் லேப் வாசலில் வரிசையாக. அங்கே லேப் என்றால் நான்தான். நான் போனால்தான் கதவே திறக்கும். ஒரு கிழவர்: "மகள், பசி கண்ணக் கட்டுது." வெட்கமாகப் போயிற்று.

பிறகு பெரிய டொக்டர் கூப்பிட்டார். கல்முனையில் ஒரு இடம் காலியாகிறதாம். வீட்டுக்குப் பக்கம். எடுக்கிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டுமாம். "ஒழுங்கான வாகனம் இல்லாம இவ்வளவு தூரம் வர ஏலாதுதானே மிஸ்." தேன் தடவிய குரல். அங்கே போனால் நான் பத்தோடு பதினொன்று. இங்கே என் மைக்ரோஸ்கோப், என் மேசை, என் கதவுத் திறப்பு. இந்த இடத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

வீட்டில் வந்து சொன்னேன். என் மனிசன் இஸ்மாயில், கதிரையை விட்டு எழும்பாமலே: "கியர் மாத்தத் தெரியாம ஓடினா எஞ்சின் என்ன செய்யும்? கல்முனையயே எடுத்துக்க புள்ள. நடந்தே போகலாம்."

முதுகு பிடித்துக் கடலுக்குப் போகக் கூடாது என்றாகி, மீன் பிடிக்கிற போட்டையும் விற்றுக் கரையேறிய நாளிலிருந்து இவருக்குத் தெரியாத எஞ்சின் உலகத்தில் இல்லை. இன்றைக்கு மீன் பொரிக்கவில்லை. நேற்றைய ஆணத்தையே ஊற்றிச் சாப்பிடட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

பஸ். மாறி இன்னொரு பஸ். பக்கத்தில் ஒரு ஆள், மடியில் கருவாட்டுப் பை. பை வழியெல்லாம் என் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. ஆளும்தான்.

காருக்கு என்ன நோய்? தெருவின் தீர்ப்புகள்:
— டீசலில் தண்ணி.
— டர்போ போயித்து.
— கண்ணூறு. ஓதிப் பாருங்க.
— பொம்பள ஓட்டம்.

கடைசித் தீர்ப்பு தேத்தண்ணிக் கடையில் வழங்கப்பட்டதாம். வழங்கியவர் இஸ்மாயில். இதை என் காதில் போட்டது என் கூடப்பிறந்த றவூப் காக்கா. சவூதியில் கராஜில் வேலை செய்து, பெரிய வயிறும் அதைவிடப் பெரிய வாயுமாகத் திரும்பி வந்தவர். கட்டிய புருசன் கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு என்னைப் பற்றிக் கதைக்கிறார், நாலு பேர் சிரிக்கிறார்கள். சீ.

காக்கா பொனெட்டைத் திறந்து குனிந்து முகர்ந்தார். "ஈ.ஜி.ஆர். வால்வு. அடச்சிப் போச்சி."

எஞ்சின் விடுகிற புகையில் ஒரு பங்கைப் பிடித்து மறுபடியும் எஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கிற வால்வாம். ஊர்க் காற்றுக்கு நல்லதாம். தான் கழித்ததைத் தானே தின்ன வைக்கிற இந்தப் புத்தி யாருக்கு வந்ததோ.

"ஒரு தகரத்த வெட்டி அந்த ஓட்டய மூடிருவம் தங்கச்சி. எல்லாரும் அதுதான் செய்யிற."

வேண்டாம் என்றேன். கழற்ற வேண்டும். உள்ளே இருப்பதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். அடைத்தது என் ஓட்டமா வேறு ஏதாவதா என்று தெரிய வேண்டும். சாம்பிள் பார்க்காமல் நான் ரிப்போட் எழுதுவதில்லை.

ஜூலை 16, புதன்

லீவு. கழற்றியாயிற்று. இதை எழுதும்போதும் விரலில் அந்த வாடை. சவர்க்காரம், எலுமிச்சை, சாம்பல், ஒன்றுக்கும் போகவில்லை.

முதலில் பற்றரி வயர். பிறகு காற்றுப் போகிற பெரிய ரப்பர்க் குழாய். பிறகு தண்ணீர்க் குழாய்கள்; துணி திணிப்பதற்குள் என் கவுன் முழுக்கப் பச்சை நிறத் தண்ணீர். பிறகு போல்ட்டுகள். மற்றதெல்லாம் வந்தது, ஒன்று மட்டும் வரமாட்டேன் என்று நின்றது. காக்கா பிஸ்மி சொல்லி எண்ணெய் விட்டார். தட்டினார். சவூதிக் கதை ஒன்று சொன்னார். ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி இழுத்தார். டக். போல்ட்டின் தலை தனியாகக் கையில்.

"இது முந்தியே முறிஞ்சிதான் இருந்திச்சி," என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

பச்சைப் பொய். சத்தத்தை நான் காதால் கேட்டேன்.

வால்வு வெளியே வந்தது.

நான் மலம் பார்க்கிறவள். சளி, சீழ், மூத்திரம் எல்லாம் காலைத் தேத்தண்ணிக்கு முன்பே பார்க்கிறவள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதைப் பார்த்ததும் குமட்டியது. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையே இல்லை. கரியும் எண்ணெயும் சேர்ந்து திரண்ட கட்டி. இனிப்புத் தொதல் கிண்டும்போது அடிப்பிடிக்க விட்டு, அந்தச் சட்டியை மூடி மறந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படி. மேலே பிசின், உள்ளே கல். சுட்ட முடி நாற்றம்.

சுரண்டினேன். காக்காவுக்குப் பொறுமை இல்லை, எனக்கு உண்டு. உடைந்த கரண்டி, சீமெண்ணெய், லேபில் கழித்துப் போட்ட ட்யூப் பிரஷ். மோட்டர்ப் பக்கத்தை நனைத்துவிடாதே, நனைத்துவிடாதே என்று காக்கா தலைமேல் நின்று கத்தல். கட்டி கட்டியாக விழுந்தது. நகக்கண் கறுப்பு, கழுத்து கறுப்பு. மூக்கைச் சிந்தினால் அதுவும் கறுப்பு.

இதற்கிடையில் பக்கத்து வீட்டிலிருந்து சித்தி ராத்தா, சித்தி அவர் பெயர்தான், வட்டிலப்பம் கொண்டுவந்தார். கருஞ்சிவப்பாய்த் தளதளவென்று தட்டில் ஆடிக்கொண்டு. பார்க்கவே ஏலவில்லை. அரைகுறையாய்க் கழுவிய கையால் காக்கா முழுவதையும் தின்று முடித்தார். யா அல்லாஹ். விரலையும் நக்கினார்.

கேட்டேன். "உள்ளதச் சொல்லுங்க காக்கா. இது என்ர ஓட்டத்தாலயா?"

"நீ ஆமை மாதிரித்தான் ஓடுற. அதுவும் ஒரு காரணம்தான். ஆனா இவ்வளவு அடைக்கிறதுக்கு அது காணாது. ஸ்டார்ட்ல போட்டு ஒரே இடத்துல நிப்பாட்டி வெச்ச வாகனத்துலதான் இப்பிடி வரும்."

சித்தி ராத்தா வெறும் தட்டை எடுத்துக்கொண்டே, சாதாரணமாக: "அதுதானே ஒவ்வொரு நாளும் நடக்குது. விடிய சுபஹுக்குப் பள்ளியில வாங்கு சொல்லக்குள்ள ஸ்டார்ட் பண்ணினா, புள்ள வெளிக்கிடுற வரைக்கும் உறுமிக்கிட்டே நிக்கும். எங்கட குசினிச் செவர வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். அடுக்களை ஜன்னலைச் சுற்றிக் கறுப்பு. தொட்டேன். அதே சாமான்.

நான் வெளிக்கிட்டு வரும்போது கேட் திறந்திருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே குளிராக இருக்கும். இஸ்மாயில் இப்போதுதான் ஸ்டார்ட் பண்ணி விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஏறிப் போவேன். சத்தம் கேட்டிருக்கும்தான். கரையில் குடியிருப்பவர்களுக்கு அலை கேட்கிற மாதிரி.

ஆக, அடைத்தவர் அவர். கடையில் போய் என் தலையில் கட்டியவரும் அவர். அவர் சேர்த்த ஊத்தையைக் குந்தியிருந்து சுரண்டியது நான். அருவருப்பு. வால்வு மேல் பாதி, மனிசன் மேல் பாதி. இல்லை, மனிசன் மேல்தான் கூட.

இப்போது கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. கார் ஓடட்டும், பிறகு கேட்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

மறுபடி பஸ். கருவாட்டுக்காரர் இல்லை, அந்த மணம் மட்டும் இருந்தது. என் விரல்களைப் பார்த்து நர்ஸ்: "மிஸ், மருதோன்றியா?" ஓம் என்று சொல்லிவிட்டேன். பெரிய டொக்டர் நடையில் கண்டு, "நாளைக்கு முடிவு?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

பின்னேரம் வீடு. லேத்துக்காரர் வந்து முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுத்திருந்தார். புதுக் கஸ்கட் வைத்துப் பூட்டினோம். காக்கா யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கேனர்ப் பெட்டியை மாட்டி மஞ்சள் லைட்டை அணைத்தார். இஸ்மாயில் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்ட வரவில்லை.

ஓடியது நான். முதலில் ஒரு கறுப்பு மேகம். தெருக் கோழிகள் எல்லாம் சிதறின. பிறகு இழுத்தது பார், அப்படி ஒரு இழுவை. சம்மாந்துறை வரை போய்க் கிறுகி வந்தேன். காக்கா கதவுப் பிடியை விடவே இல்லை. "ஆமை எண்டு சொன்னது பிழ தங்கச்சி. கொஞ்சம் மெதுவாப் போ."

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்த இஸ்மாயிலை வாசலிலேயே மறித்தேன்.

"ஒவ்வொரு நாளும் விடிய என்னத்துக்கு கார ஸ்டார்ட்ல விடுறீங்க?"

"சூடாகட்டும் எண்டுதான்."

"வாங்கு சொன்னதுல இருந்து நான் வெளிக்கிடுற வரைக்குமா?"

"எஞ்சின் எண்டா அப்பிடித்தான் புள்ள. போட்டுக்கும் அப்பிடித்தான் செய்வம். கரையில நல்லாச் சூடாக விட்டு, சத்தத்தக் கேட்டுத்தான் வெளிக்கிடுவம். கடலுக்குள்ள நிண்டு போனா தள்ளுறதுக்கு ஆள் இல்ல."

"இது கடலா?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீ போற ரோட்டுல காட்டு யான நிக்கிது. வெளிக்குள்ள நிண்டு போனா ஆரக் கூப்பிடுவாய்?"

நேற்றிலிருந்து கோபத்தைப் பக்குவமாக மூடி வைத்திருந்தேன், சுடச்சுடப் பரிமாற. வைக்க இடமில்லாமல் போயிற்று. ஆனாலும் விடவில்லை. "அப்ப கடையில போய் நான் பழுதாக்கினன் எண்டு சொன்னது?"

"அது சும்மா கதைச்ச கதை."

"அதே கடையில போய் ஆர் அடைச்ச எண்டும் சும்மா கதைங்க."

உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டார். வீடு எனக்கு உம்மா தந்தது; இவர் மாப்பிள்ளையாக வந்து ஏறிய வீடு. கடலும் போன பிறகு இந்த வளவுக்குள் இவர் கை வைக்கிற ஒரே சாமான் அந்தக் கார் என்று இன்றைக்குத்தான் மண்டையில் ஏறுகிறது. பரிதாபமாகவும் இருக்கிறது. கடையில் சொன்னதை நினைத்தால் மறுபடி பற்றிக்கொண்டும் வருகிறது. இரண்டும் ஒரே ஆள் மேல் எப்படி வரும்? வருகிறதே.

ஜூலை 18, வெள்ளி

லேபில் இருந்து எழுதுகிறேன். டொக்டரிடம் இல்லை என்று சொல்லியாயிற்று. முகம் சுருங்கியது. சுருங்கட்டும். வழியில் புகை இல்லை, லைட் இல்லை, வரிசையில் நின்றவர்களுக்கு நேரத்தோடு கதவு திறந்தது.

காலையில் நடந்தது: சுபஹ் தொழுது முடித்து வாசலுக்கு வந்தேன். உறுமல் இல்லை. காற்றும் சித்தி ராத்தாவின் இருமலும்தான். இஸ்மாயில் காருக்குப் பக்கத்தில், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணாமல் நிற்கிறார். ஜுப்பாவும் தொப்பியும் போட்டபடி.

சொன்னேன்: "இனி நான் ஏறக்குள்ளதான் ஸ்டார்ட் பண்ணுவன். அது போதும். கல்முனைய எடுக்கல்ல எண்டும் இண்டைக்குச் சொல்லப் போறன்."

திறப்பைத் தந்தார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் காரின் பொனெட்டில் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்து கிடந்திருக்கும்.

"அப்ப சுபஹுக்குப் பொறகு நான் என்ன செய்யிற?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். உண்மையிலேயே கேட்டார்.

"தேத்தண்ணி ஊத்துங்க," என்றேன்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து குசினிக்குள் அடுப்பைத் தொடாத மனிசன். போனார். சட்டி விழுந்தது, ஏதோ உடைந்தது, சீமெண்ணெய்ப் போத்தலைத் தொட்ட கையால் பால்மாவை அள்ளியிருக்கிறார். மேலே மாக்கட்டிகள் மிதந்தன, அடியில் சீனி கரையாமல் மண்டி. வாயில் வைக்க ஏலாது. கதவடியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுவதையும் குடித்தேன்.