எடை குறைக்கும் மிஸ்ஸிடம் நீ சொன்னது

என் பாக்கியம்,

நீ போன பிறகு வந்த முதல் மழைக்காலம் இது. தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் நலம். கந்தப்பளைக் கடையில் கோதுமை மாவு மறுபடி விலை ஏறிவிட்டது. எனக்கும் பெரிதாக ஒரு குறையும் இல்லை. அந்த மிஸ் மேல் உள்ள பொறாமைதான் இன்னும் அடங்கவில்லை.

எந்த மிஸ் என்று கேட்காதே. யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் இருந்துகொண்டே, உன்னைப் போல வயதானவர்களுக்கு எடை குறைக்கப் போனில் பயிற்சி கொடுத்தாளே, அவள்தான். முழங்கால் வலி தாங்காமல் நீ கிளினிக்குப் போனபோது உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். மகன் கொழும்பிலிருந்தே அவளிடம் உன் பெயரைப் பதிந்து, ஒரு போனும் வாங்கி அனுப்பினான். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவாய். ரொட்டி குறைந்தது, தேத்தண்ணியில் சீனி நின்றது. கறியில் உப்பைக் குறை என்று நான் சொன்னபோதெல்லாம் காதில் வாங்காதவள், நேரில் பார்த்தே இராத ஒரு பெண் சொன்னதும் கேட்டாய். சமதரையில் நடக்கச் சொன்னாளாம். இந்த மலையில் சமதரைக்கு எங்கே போவது? பெரட்டுக் களத்தைக் கண்டுபிடித்தாய். காலம் பூராவும் விடியக்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க அலுத்துக்கொண்டே போன அதே இடத்தை, சாயங்காலம் சப்பாத்து மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாய்.

அதுகூடப் பரவாயில்லை. அவளைப் போலவே பேசவும் ஆரம்பித்தாய். ஒருநாள் என்னைப் பார்த்து, "சாப்பிட்டனீங்களோ?" என்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன், ஒன் வாயில வேற ஆளு குடியிருக்கா?" என்றேன்.

நீ சிரித்தாய். அவளோடு பேசும்போதும் அப்படித்தான் குலுங்கிச் சிரிப்பாய். என்னிடம் எப்போது அப்படிச் சிரித்தாய்? மாலையானால் போனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் அப்படி என்னதான் பேசினாய்?

முழங்கால் கொஞ்சம் தேறி வந்த நேரத்தில் நெஞ்சுச் சளி வந்து உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்ததும் மகன் உன் போனில் இருந்ததையெல்லாம் அழித்துத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். உன் குரலும் அதோடு போகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் என் பட்டன் போனுக்கு அந்த மிஸ் பேசினாள். துக்கம் விசாரிக்கத்தான். பாதியில் அவளே அழுதுவிட்டாள். உனக்காக அழ இவள் யார் என்று எனக்கு எரிச்சல்.

"ஐயா, அம்மா அனுப்பின குரல் பதிவுகள் என்னட்டக் கிடக்கு. ஒண்டு போடட்டோ?" என்றாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் போட்டுவிட்டாள்.

"மிஸ், நாளைக்குப் போன் எடுத்தா சட்டுன்னு வச்சிறாதீங்க. எங்க வீட்டு ஆளு வாசல்ல கொடக்கம்பிய நிமித்துற மாதிரி ஒக்காந்து ஒட்டுக் கேக்குறாரு. கட்டுன நாள்லேருந்து அவரு எனக்காகப் பொறாமப்பட்டதே இல்ல. இப்பதான் படுறாரு. பாக்கவே நல்லாருக்கு மிஸ்!"

அதற்குப் பிறகு உன் சிரிப்பு.

குடைக்கம்பி ஒன்றும் வளைந்திருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை ஏனடி என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிட்டவே வந்து உட்கார்ந்திருப்பேனே.

மற்றப் பதிவுகளையும் போடச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்.

"மிச்சமெல்லாம் அம்மா என்னை நம்பிச் சொன்னது, ஐயா. அது தரேலாது," என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது. என் பெண்டாட்டியின் பேச்சு முழுவதும் யாழ்ப்பாணத்தில் ஒருத்தியிடம் பத்திரமாக இருக்கிறது. கட்டியவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு சிரிப்பு.

இருக்கட்டும். நான் அங்கே வந்து சேர்ந்ததும் அந்த மிச்சத்தை ஒன்று விடாமல் நீ எனக்குச் சொல்ல வேண்டும். அதுவரை ஒருநாளும் குறை வைக்காமல் பொறாமைப்பட்டுக்கொண்டே இருப்பேன். இது சத்தியம். உனக்குப் பார்க்க நல்லாயிருக்குமாமே.

உன் வீட்டுக்காரன்,
சுப்பையா