பாலத்தில் கழற்றிய செருப்பு

மார்ச் 11, அதியமான்கோட்டை

புளியில் கொட்டை எடுத்து விரலெல்லாம் கறுப்பு. சாயங்காலம் மலர் ஜெர்மனியிலிருந்து பேசினாள். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. முன்பெல்லாம் பேச்சை நிறுத்தமாட்டாள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். இன்று நடுவில், "நான் இல்லன்னாலும் நீங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவீங்க இல்ல?" என்றாள். எதற்கு இந்தக் கேள்வி? சும்மாவாம்.

அவள் அப்பா ஜோசப் ராஜிடம் சொன்னேன். வேலை அலுப்பு என்கிறார். அவருக்கு எல்லாமே அலுப்புதான். மே மாதம் அவளைப் போய்ப் பார்க்க எடுத்த விசாதான் கையில் இருக்கிறதே, அதுவரைக்கும் எதற்குக் காத்திருக்கவேண்டும்?

மார்ச் 30, மலரின் அறை, ஸ்டுட்கார்ட்

விமானத்துக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. பிள்ளை இளைத்துக் கிடக்கிறாள். சிரித்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோகிறது. அவள் குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் ஆமாம் என்றுவிடுவாளோ?

ஏப்ரல் 2

இன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 5

மலருக்கு அரைநாள் லீவு. கால்வ் என்ற பழைய ஊருக்கு ரயிலில் கூட்டிப்போனாள். மரச்சட்டம் வைத்துக் கட்டிய கோணல் வீடுகள். எனக்கு எங்கே அதையெல்லாம் பார்க்க மனசு? ஆற்றோரம் நடக்கும்போது ஆற்றுக்கும் அவளுக்கும் நடுவிலேயே நடந்தேன்.

ஆற்றின் மேல் கல்பாலம், அதன் நடுவில் ஒரு குட்டிக் கோயில். மலர் காபி வாங்கப் போனாள். அவள் கடைக்குள் நுழையும் வரை பார்த்திருந்துவிட்டு, நம்மூர் வழக்கப்படி செருப்பைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தேன். உள்ளே போய், குளிர்காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு மண்டியிட்டேன். மாதாவே, என் பிள்ளையை எனக்கே கொடுத்துவிடு என்று அழுதேன்.

வெளியே அலறல். அம்மா, அம்மா என்று. ஓடிவந்து பார்த்தால் மலர் சுவரின் மேல் கவிழ்ந்து தண்ணீரைப் பார்த்துக் கத்துகிறாள். தரையெல்லாம் காபி. இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டோம். என் செருப்பு அவள் கையில்.

கோயிலுக்குத்தானேடி கழட்டினேன் என்றேன். இங்கே யாரும் கழற்றமாட்டார்களாம். அவளுக்கும் பழக்கம் விட்டுப்போச்சாம்.

"நீ குதிச்சிட்டேன்னு நெனச்சேன்மா."

"எனக்கென்ன வந்துச்சு? நான் எதுக்குடி குதிக்கறேன்?"

அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "நான்தான்மா அப்படி நெனச்சிட்டிருந்தேன். ரொம்ப நாளா."

நான் பயந்த வார்த்தை வந்தே விட்டது. காதால் கேட்டுவிட்டேன். ஐயோ, எப்படித்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ.

"வூட்டுக்குப் போலாம் வா, மலரு."

தலையாட்டினாள். நான் ஜெர்மனியில் ஊர் பார்த்தது அவ்வளவுதான்.

ஏப்ரல் 7

டாக்டரிடம் போனோம். எனக்குப் பாஷை புரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லீவு எழுதிக் கொடுத்தார். ஜோசப் ராஜிடம் போனில் சொன்னேன். அவர் அழுது இன்றுதான் கேட்கிறேன்.

ஜூன் 19, அதியமான்கோட்டை

சேலத்து டாக்டர், மாத்திரை, அவரோடு வாராவாரம் பேச்சு என்று நாள் போகிறது. இன்று மத்தியானம் மலர் அறைக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. சத்தமே இல்லை. தட்டினேன், சீப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.

"உயிரோடதாம்மா இருக்கேன். தூங்க வுடு."

குரலில் சிரிப்பு இருந்தது. அடுப்படிக்கு வந்து, வெங்காயத்தைச் சாக்காக வைத்து நன்றாக அழுதேன். பிறகு அவளைத் தூங்கவிட்டேன்.