ஓவனுக்கு வைத்த சந்தனம்

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பட்டறையில் முலாம் போடும் நிக்கல் தொட்டிக்கு ஃபில்டர் மாற்ற வேண்டும். ஆசிட் கேன் இரண்டு வாங்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மில் மெயின்டெனன்ஸ் சார் வந்தார். சாக்கில் சுற்றி, ஒடிந்த ஷாஃப்ட். ஆயுத பூஜை சமயம் மில்லின் பெரிய ஃபேன் இரண்டுக்கும் நான் குரோம் முலாம் ஏற்றிக் கொடுத்த இரண்டில் ஒன்று. நேற்று ஓட்டத்திலேயே ஒடிந்து, ஃபேன் கூட்டைப் பிய்த்து, ஃபிட்டர் சுடலைமுத்துவின் வலது கையில் பாய்ந்துவிட்டதாம்.

“அவன்தான் பெல்ட்டை ஓவர் டைட்டா வச்சிருக்கான். உங்க வேலைல குறை இல்ல அண்ணாச்சி, சும்மா காட்டத்தான் கொண்டாந்தேன்.”

ஒடிந்த முகத்தைப் பார்த்தேன். குரோமுக்கு அடியில் ஒரு புள்ளி. அங்கிருந்து வளைவு வளைவாய், கண்மாய்த் தண்ணீர் வற்றின தடம் மாதிரி. ஒரே நாளில் ஒடிந்தது அல்ல.

டீ சொன்னேன். ஷாஃப்டைச் சாக்கில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

19, புதன்

எழுதித் தொலைக்கிறேன்.

உறுதியான எஃகு. குரோம் ஏற்றும்போது ஹைட்ரஜன் உள்ளே போய்விடும். நாலு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து விரட்ட வேண்டும். இல்லாவிட்டால் பளபளப்புக்கு அடியில் விரிசல். மேலே ஒன்றும் தெரியாது. சுற்றச் சுற்ற வளரும். இருபது வருடமாக இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்தான்.

ஆயுத பூஜை அன்று ஷாஃப்ட் இரண்டும் தொட்டியை விட்டு வந்தபோது ஓவனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டாயிற்று. பட்டறை இப்ராஹிம் கேட்டான்: “அண்ணாச்சி, ஓவன்ல வைக்கணும்லா?”

“பூஜை போட்டத மறுநாள்தான்லே ஓட்டணும். காலைல வைப்போம்.”

மறுநாள் வைத்தேன். முந்தின நாளே நேரத்தோடு வைத்ததாக நோட்டில் எழுதினேன்.

இன்று ஓவன் பக்கம் போகவே முடியவில்லை. இப்ராஹிம் என் முகம் பார்க்காமல் வேலை செய்கிறான். நாலு வார்த்தை ஏசினால்கூடத் தேவலை.

20, வியாழன்

ஸ்ரீவி. ஆஸ்பத்திரி. சாத்துக்குடி ஒரு கிலோ. சுடலைமுத்துவுக்கு மூன்று விரல் போய்விட்டது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்க்கிறான்.

“உங்க வேலையக் கெடுத்துட்டேன் அண்ணாச்சி. அம்புட்டு டைட் வைக்கலன்னுதான் நெனைக்கேன். ஆனா எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ.”

அவன் மனைவி மாரியம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி: “இவியளுக்கு எதுலயும் அவசரம். இப்ப கையும் போச்சு, பேரும் போச்சு.”

உண்மை வாய் வரை வந்தது. பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கோழைப்பயல் நான்.

திரும்பும் வழியில் பஸ் மில்லைத் தாண்டியது. என் இன்னொரு ஷாஃப்ட் மாட்டின இரண்டாவது ஃபேன் ஓடும் சத்தம். ரோட்டுக்குக் கேட்க வழியே இல்லை. கேட்டது. வீட்டில் மிக்ஸிக்குள்ளும் அதே சத்தம்.

“சாப்பிடாம எங்க பாக்கிய?” என்கிறாள் வீட்டுக்காரி.

அந்த ஃபேன் பக்கத்தில் இப்போது எவன் நிற்கிறானோ.

21, வெள்ளி

மழை இல்லை. முதல் பஸ்ஸில் மில். சாரிடம், “ரெண்டாவது ஃபேனை நிப்பாட்டுங்க.”

“எதுக்கு?”

“மொதல்ல நிப்பாட்டுங்க சார். பொறவு சொல்லுதேன்.”

நிறுத்தினார்கள். ஷாஃப்டைக் கழற்றி, விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்தோம். செத்த நேரத்தில் சிவப்பாய் ஒரு கோடு. அரை விரல் நீளம். “இதுதான் விரிசல்” என்று சாருக்குக் காட்டினேன்.

சார் எழுதித் தரச் சொன்னார். பூஜை, ஓவன், பொய் நோட்டு, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி இந்த மில் வேலை வராது. மற்ற மில்லுக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. நின்றபடியே சொன்னேன். சுடலைமுத்து கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

“அப்ப பெல்ட் இல்லியா?”

“இல்லடே.”

“நான் இல்லியா?”

“நீ இல்ல.”

வாசலைப் பார்த்தான். “மாரி தண்ணி பிடிக்கப் போயிருக்கா. செத்த இருங்க அண்ணாச்சி. அவ வந்ததும் இதை இன்னொருக்கா சொல்லுங்க.”