தொடை நரம்பின் புது வேலை

அன்பு மிக்க துணைவிக்கு,

நம் பிள்ளைகளால் ‘சட்டப்புத்தகம்’ என்று அழைக்கப்படும் உன் கணவன் எழுதுகிறேன். நலம் தெரிவிப்பதும், என் பிழையை ஒப்புக்கொள்வதும் இக்கடிதத்தின் நோக்கம்.

மின்தூக்கிகளைச் சோதிக்கும் வேலையில், மின்தூக்கி இறங்கும் பள்ளத்தில் விழுந்து என் இடுப்பெலும்பு முறிந்தபோது, சிறுநீரை அடக்கும் தசையின் நரம்பும் அறுந்தது. தொடை நரம்பின் கிளையொன்றைப் பிரித்து மருத்துவர் அங்கே இணைத்தார். நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார். நான் நாட்காட்டியில் கோடு போட்டேன். என் கணக்குப்படி ஐந்தாம் மாதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்பதாம் மாதமும் ஈரம் நிற்கவில்லை.

அந்த எரிச்சலில்தான் உன்னை அறைக்குள் வராதே என்றேன். “இருபத்தாறு வருஷமா உங்க துணிய தொவைக்கிறேன், இன்னைக்கு என்ன புதுசா வெக்கம்?” என்று கேட்டாய். தனிமை நோயாளியின் உரிமை என்று விதி பேசினேன். மறுநாளே நீ மகள் வீட்டுக்குப் போய்விட்டாய்.

செவ்வாயன்று, நீண்ட விடுப்பு முடிந்து உடற்பயிற்சி சிகிச்சையாளர் வந்தார். மருத்துவமனை தந்த அச்சுத்தாளின்படி, சிறுநீரை நிறுத்துவதுபோல் இறுக்கும் பயிற்சியை ஒரு வேளையும் தவறாமல் செய்வதாகப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அய்யோ சார், அது எல்லாருக்கும் குடுக்கிற தாளு! உங்களுக்கு அங்க இருக்கிறது தொடை நரம்பு. முழங்கால சேர்க்கச் சொன்னாத்தான் அதுக்குப் புரியும். மொதல்லயே சொன்னேனே?”

சொல்லியிருந்தார். தாளில் இல்லாததால் நான் ஏற்கவில்லை.

முழங்கால்களுக்கிடையே தலையணையை வைத்து அழுத்தினேன். உள்ளே ஏதோ மெல்லச் சுருங்கியது. ஐயத்தோடு மீண்டும் அழுத்தினேன், மீண்டும் சுருங்கியது. அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். “இது எந்த ரூல்ல சார் வருது?” என்று சிரித்தார்.

நேற்று கட்டிலிலிருந்து குளியலறைவரை பதினான்கு அடி, நனையாமல் நடந்தேன். இருமினால் இன்னும் கசிகிறது. தும்மலைப் பற்றிக் கேட்காதே. கட்டுப்பாடு முழுதாகத் திரும்ப ஓராண்டு ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள்.

துணிகளை நானே துவைக்கிறேன். நனைந்த போர்வை இவ்வளவு கனக்கும் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே.

பேத்திக்கு என் ஆசிகள். அங்கே வரப் பயணம் நான்கு மணி நேரம். மருத்துவரின் அனுமதி எழுத்தில் வரவில்லை. நான் நனைந்தே இறங்கக்கூடும். நிறுத்தத்தில் நீ மட்டும், மாற்றுத் துணியோடு வந்து நிற்பாயா? உனக்கு மனமில்லை என்றாலும், வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் நான் ஏறுவேன்.

இப்படிக்கு,
உன் கணவன்